அறுபத்தைந்து வயதில் சூடுபிடித்த வயலின்: ஸ்டெஃபான் கிராப்பெல்லி

ஜாஸ் என்றாலே டிரம்பெட்டும் சாக்ஸபோனும்தானே, அதில் வயலினை வைத்துக்கொண்டு ஒருவர் வாழ்நாள் முழுக்கப் பிழைத்திருக்க முடியுமா, அப்படி யாராவது இருந்தால் அவர் கதை என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். இருந்தார். பெயர் ஸ்டெஃபான் கிராப்பெல்லி. 1908 ஜனவரி 26 அன்று பாரிஸில் பிறந்து, 1997 டிசம்பர் 1 அன்று அதே பாரிஸில் 89 வயதில் இறந்தார். பதினைந்து வயதில் காசுக்கு வாசிக்க ஆரம்பித்தவர், சாகிற வருடம் வரை நிறுத்தவில்லை. கடைசி நாட்களில் சக்கர நாற்காலியில் மேடைக்கு வந்தும் வாசித்தார்.

அவரைப் பற்றி எழுதுகிற பலரும் ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற கிடார் மேதையின் கதையைச் சொல்லிவிட்டு, கூடவே வயலின் வாசித்தவர் என்று இவரை ஒரு பத்தியில் முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஜாங்கோவோடு அவர் இருந்தது ஐந்து வருடம். அந்த ஐந்து வருடம் இல்லாவிட்டால் கிராப்பெல்லி என்ற பெயரே வெளியே வந்திருக்காது என்பது உண்மைதான். ஆனால் அவர் வாசிப்பில் சிறந்தது வந்தது அதற்கு முப்பது நாற்பது வருடம் கழித்து.

இளமைப் பருவம் சுலபமானதாக இல்லை. அப்பா எர்னெஸ்டோ இத்தாலியர். நன்றாகப் படித்தவர், ஆனால் கையில் காசு நிற்காதவர். அம்மா பிரெஞ்சுக்காரர், பையன் சின்னவனாக இருக்கும்போதே இறந்துவிட்டார். தனியாகப் பிள்ளையை வளர்க்கத் தெரியாத அப்பா, ஆறு வயதில் அவனைக் கொண்டுபோய் அமெரிக்க நடனக் கலைஞர் இஸடோரா டங்கனின் நடனப் பள்ளியில் சேர்த்தார். அதே வருடம், 1914இல், போர் வந்துவிட்டது. அப்பாவை இத்தாலியப் படையில் சேர்த்துக்கொண்டார்கள். பையன் ஒரு கத்தோலிக்க அனாதை இல்லத்துக்குப் போனான். தரையில் படுக்கை, அரைவயிற்றுச் சாப்பாடு. போர் முடிந்து அப்பா திரும்பி வந்துதான் மீட்டார்.

பன்னிரண்டு வயதில் கைக்கு வந்த முதல் வயலின் முக்கால் அளவு வயலின். அதை வாங்கக் காசில்லாமல் அப்பா தன் கோட்டு சூட்டை அடகு வைத்தார். ஆசிரியர் என்று பெரிதாக யாரும் கிடையாது. தெருவில் வாசிப்பவர்களின் விரலைப் பார்த்துப் பார்த்துப் பிடித்துக்கொண்டதுதான் தொடக்கப் பாடம். அப்புறம் பாரிஸ் கன்சர்வத்வார் என்ற இசைக் கல்லூரியில் மூன்று வருடம் முறையாகப் படித்தார். ஆனால் அந்தப் படிப்பு அவரை ஒரு சிம்பொனி இசைக்குழுவுக்குக் கொண்டுபோகவில்லை. அப்பா மறுமணம் செய்துகொண்டு ஸ்ட்ராஸ்பூர் போய்விட, பதினைந்து வயதுப் பையன் பாரிஸிலேயே தங்கி, குடியிருப்புகளின் முற்றங்களில் நின்று வாசித்து ஜன்னலிலிருந்து விழும் சில்லறையைப் பொறுக்கினான். அப்புறம் மௌனப்பட அரங்கில் வேலை. திரையில் காதல் என்றால் இழுத்து வாசிக்க வேண்டும், துரத்தல் என்றால் வேகம் கூட்ட வேண்டும். தினமும் மணிக்கணக்கில் இதுதான். எந்தப் பாட்டையும் எந்த நேரத்திலும் எடுத்து ஒப்பேற்றும் பழக்கம் அங்கேயே வந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

ஜாஸ் அவர் காதில் விழுந்ததும் அந்த நாட்களில்தான், அமெரிக்க இசைத்தட்டுகள் வழியாக. வேடிக்கை என்னவென்றால், இருபதுகளின் இறுதியில் அவர் வயலினை ஓரமாக வைத்துவிட்டுப் பியானோக்காரராக மாறிவிட்டார். விருந்துகளில் பியானோவுக்குக் காசு அதிகம். கிரெகோர் என்ற இசைக்குழுத் தலைவர், இவர் முன்பு வயலின் வாசித்தவர் என்று தெரிந்து மறுபடியும் எடுத்து வாசிக்கச் சொன்னார். அவர் சொல்லியிருக்காவிட்டால் பாரிஸில் இன்னொரு விருந்துப் பியானோக்காரர் இருந்திருப்பார், அவ்வளவுதான்.

இங்கே கொஞ்சம் நின்று, ஜாஸில் வயலினுக்கு என்ன சங்கடம் என்று பார்த்துவிடலாம். உங்கள் கேள்வியின் மையமே அதுதான்.

முதல் சங்கடம் சத்தம். மைக் எல்லாம் சரியாக வராத காலத்தில், டிரம்பெட், டிராம்போன், டிரம்ஸ் எல்லாம் ஒரே மேடையில் இருந்தால் வயலின் என்ன வாசிக்கிறது என்று பக்கத்தில் இருப்பவனுக்கே கேட்காது. நாதஸ்வரம், தவில் நடுவில் வீணையை வைத்த மாதிரி. இரண்டாவது சங்கடம் இன்னும் நுட்பமானது. ஜாஸின் உயிர் ‘ஸ்விங்’ என்கிற அந்த ஆட்டத்தில் இருக்கிறது. தாளத்தின் மேல் சற்றே சாய்ந்து, பின்னால் இழுத்து, திடீரென்று முன்னால் தள்ளி வாசிப்பது. ஊதும் வாத்தியக்காரன் நாக்காலும் மூச்சாலும் ஒவ்வொரு ஸ்வரத்தையும் தட்டித் தட்டி வெளியே விடுவான். வயலினில் அதை வில்லால் செய்ய வேண்டும். மேற்கத்திய செவ்வியல் பயிற்சி எடுத்தவர்கள் நீளமாக, அழகாக வில்லை இழுக்கப் பழகியவர்கள். அவர்கள் ஜாஸ் வாசித்தால் எல்லாம் சரியாக இருந்தும் ஆட்டம் இருக்காது. நான் ஆறு வருடம் கர்நாடக வயலின் கற்றுப் பாதியில் விட்டவன். ஒருநாள் ஆசையாக ஒரு ஜாஸ் மெட்டை வாசித்துப் பார்த்தேன். கல்யாண வீட்டு நோட்டுஸ்வரம் மாதிரி வந்தது.

கிராப்பெல்லி இரண்டாவது சங்கடத்தை வில்லின் மேல்பாதியில் தீர்த்தார். அவர் வாசிக்கும் காணொளிகளைப் பார்த்தால் வலது கையை மட்டும் கவனியுங்கள். வில்லை முழு நீளம் இழுப்பது குறைவு. மணிக்கட்டு தளர்ந்து, சின்னச் சின்ன வீச்சுகள். அரைத் தட்டில் விழும் ஸ்வரத்தையும் அடுத்த தட்டில் விழும் ஸ்வரத்தையும் ஒரே வீச்சில் சேர்த்துவிடுவார். அதனால் அழுத்தம் தட்டின் மேல் விழாமல் தட்டுக்குக் கொஞ்சம் முன்னால் விழும். அந்த நழுவலில்தான் ஸ்விங் இருக்கிறது. முகத்தைப் பார்த்தால் பேப்பர் படிக்கும் தாத்தா மாதிரி சாந்தமாக இருப்பார்.

அவருக்கு முன்னால் வழி போட்டவர் ஒருவர் உண்டு: அமெரிக்காவின் ஜோ வெனுட்டி. எடி லாங் என்ற கிடார்காரரோடு சேர்ந்து, 1926 முதல், வயலினும் கிடாருமாக ஜாஸ் வாசிக்கலாம் என்று காட்டியவர். வில்லின் மயிரைத் தளர்த்தி வயலினைச் சுற்றிக் கட்டி நான்கு தந்திகளையும் ஒரே நேரத்தில் வாசிக்கும் குறும்பும் அவருடையதுதான். லாங் 1933இல் இறந்துவிட்டார். அடுத்த வருடமே பாரிஸில் இன்னொரு வயலின்-கிடார் ஜோடி கிளம்பியது.

1934. ஷான்ஸெலிஸே சாலையில் கிளாரிட்ஜ் ஹோட்டல். மாலை நேரத் தேநீர் நடனத்துக்கு லூயி வோலா என்பவரின் குழு வாசித்துக்கொண்டிருந்தது. அதில் கிராப்பெல்லியும் இருந்தார், ஜாங்கோவும் இருந்தார். இடைவேளையில் வேறொரு குழு மேடை ஏறியிருக்க, திரைக்குப் பின்னால் கிராப்பெல்லி ஒரு தந்தியை மாற்றிவிட்டு, ஸ்ருதி சேர்ந்ததா என்று பார்க்க ஒரு சின்னப் பிடியை வாசித்தார். ஜாங்கோவுக்கு அது பிடித்துப்போய் கிடாரில் தொடர்ந்தார். மறுநாளும் இதே விளையாட்டு. ஜாங்கோவின் தம்பி ஜோசப்பும் ரோஜே ஷாப்புவும் கிடாரோடு வந்து சேர்ந்தார்கள், வோலா டபுள் பேஸை எடுத்தார். பாரிஸின் ஹாட் கிளப் என்ற ஜாஸ் ரசிகர் சங்கத்துக்காரர்கள் இதற்கு ஒரு பெயர் கொடுத்தார்கள்: ஹாட் கிளப் ஆஃப் ஃபிரான்ஸ் ஐவர் குழு. அந்த வருட டிசம்பரிலேயே முதல் இசைத்தட்டுகள் பதிவாகின.

மூன்று கிடார், ஒரு பேஸ், ஒரு வயலின். டிரம்ஸ் இல்லை, ஊதுகுழல் இல்லை. வயலினின் முதல் சங்கடமான சத்தம் இங்கே தானாகத் தீர்ந்துவிட்டது பாருங்கள். அடக்கி அமுக்க ஆளே இல்லை. டிரம்ஸின் வேலையை இரண்டு பக்கவாத்தியக் கிடார்களும் பார்த்துக்கொண்டன. இரண்டாம், நான்காம் தட்டுகளில் கம்பியை அடித்த கையோடு இடது கை விரலைத் தளர்த்தி ஒலியை வெட்டுவார்கள். ஜக்-ஜக் என்று ரயில் ஓடுகிற மாதிரி கேட்கும். பிரெஞ்சில் இதற்கு ‘பம்பு’ அடிப்பது என்றே பெயர். இன்றைக்கு ‘ஜிப்ஸி ஜாஸ்’ என்று உலகம் முழுக்க வாசிக்கப்படுவதற்கு அடித்தளம் இந்த அடிதான்.

ஜாங்கோவைப் பற்றி இரண்டு வரி. ரோமா இனத்தவர், வண்டி வீட்டில் வளர்ந்தவர். 1928இல் அந்த வண்டி தீப்பிடித்ததில் இடது கையின் இரண்டு விரல்கள் முடங்கிப்போயின; மீதி இரண்டு விரல்களால்தான் அந்த மின்னல் வாசிப்பு. எழுத்தும் தெரியாது, இசைக்குறிப்பும் தெரியாது. பணம் வந்தால் சூதாட்டம், பில்லியர்ட்ஸ், மீன்பிடிப்பு. கச்சேரி நேரத்துக்கு வந்து நிற்பாரா என்பதே சந்தேகம். இந்தப் பக்கம் கிராப்பெல்லி: நேரம் தவறாதவர், சட்டை கசங்காதவர், பசி என்றால் என்னவென்று தெரிந்தவர். இரண்டு பேருக்கும் உரசல் இருக்கத்தான் செய்தது. ஆனால் வாசிப்பில் அந்த வித்தியாசமே அழகு. ஒருவர் இடி, மற்றவர் சாரல்.

1937 நவம்பரில் பதிவான ‘மைனர் ஸ்விங்’ கேளுங்கள். இருவரும் சேர்ந்து இயற்றியது. வயலினும் கிடாரும் சேர்ந்து ஒரு சின்ன ஏறுவரிசையைக் கேள்வி போலப் போடும், பேஸ் பதில் சொல்லும். மறுபடியும் கேள்வி, மறுபடியும் பதில். மெட்டு என்று இருப்பதே அவ்வளவுதான். மீதி எல்லாம் மூன்றே கார்டுகளின் (சேர்த்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகளின்) மேல் மனோதர்மம். முதலில் ஜாங்கோ, அப்புறம் கிராப்பெல்லி. கிராப்பெல்லி உள்ளே வரும் இடத்தைக் கவனியுங்கள்: அவசரமே இல்லாமல் நுழைந்து, சுற்றுக்குச் சுற்று அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவார். கடைசியில் குழுவில் ஒருவர் ‘ஓ யே!’ என்பதும் இசைத்தட்டில் அப்படியே பதிவாகியிருக்கிறது.

அதே மாதம் இன்னொரு விசித்திரம் நடந்தது. எடி சவுத் என்ற அமெரிக்கக் கறுப்பின வயலின் கலைஞர் பாரிஸில் இருந்தார். செவ்வியல் பயிற்சியில் கரை கண்டவர். அன்றைய அமெரிக்காவில் அவர் நிறத்துக்குச் சிம்பொனி மேடை கிடைக்காது என்பதால் ஜாஸுக்கு வந்தவர். அவரும் கிராப்பெல்லியும் இரண்டு வயலின்களாக, செவ்வியல் இசை மேதை பாக்கின் டி மைனர் இரட்டை வயலின் கன்செர்ட்டோவின் முதல் பகுதியை ஸ்விங்கில் வாசிக்க, இசைக்குறிப்பே படிக்கத் தெரியாத ஜாங்கோ முழு ஆர்க்கெஸ்ட்ராவின் பங்கையும் ஒற்றைக் கிடாரில் கொண்டுவந்தார். இரண்டு வயலின்களையும் காதால் பிரித்துக் கேட்டால் சவுத்தின் ஒலி கனமானது, கிராப்பெல்லியின் ஒலி மெல்லியது என்று தெரியும். வாசிப்பின் தரத்தில் அன்றைக்குச் சவுத்தான் மேல் என்பது என் அபிப்பிராயம்.

1939 செப்டம்பரில் குழு லண்டனில் இருந்தபோது போர் அறிவிக்கப்பட்டது. ஜாங்கோ உடனே பாரிஸுக்குக் கிளம்பிவிட்டார். கிராப்பெல்லி லண்டனிலேயே தங்கினார். ஒரு முடிவில் கூட்டணி முடிந்தது. ஜாங்கோ பாரிஸில் வயலினுக்குப் பதில் கிளாரினெட்டை வைத்துக்கொண்டு, 1940இல் ‘நுவாஜ்’ என்ற தன் மிகப் பிரபலமான பாட்டைப் பதிவு செய்தார். கொஞ்சம் கசப்பாக இருந்தாலும் சொல்ல வேண்டும்: ஜாங்கோவுக்குக் கிராப்பெல்லி இல்லாமல் முடிந்தது.

கிராப்பெல்லிக்கும் முடிந்தது. குண்டு விழும் லண்டனில், பிக்கடில்லியில் ஒரு உணவகத்தில் இரவு தோறும் வாசித்தார். அவரோடு பியானோ வாசித்தவர் இருபது வயதை ஒட்டிய ஒரு பார்வையற்ற இளைஞர், ஜார்ஜ் ஷீரிங். பிற்காலத்தில் அமெரிக்கா போய் ‘லல்லபை ஆஃப் பேர்ட்லாண்ட்’ இயற்றி உலகப் புகழ் பெற்றவர் அவரேதான்.

1946 ஜனவரியில் ஜாங்கோ லண்டன் வந்தார். ஆறு வருடப் பிரிவு. என்ன பேசுவது என்று தெரியாமல் இருவரும் வாத்தியத்தை எடுத்து, யாரும் சொல்லாமலே பிரான்ஸின் தேசிய கீதத்தை வாசித்தார்கள் என்பார்கள். அதை ஸ்விங் நடையில் இசைத்தட்டாகவும் பதிவு செய்தார்கள். 1949இல் ரோமில் மறுபடி சேர்ந்து ஏராளமான பாட்டுகள். ஆனால் அதற்குள் ஜாங்கோவின் காது நியூயார்க்கின் புதிய ஜாஸ் பாணியான பீபாப் பக்கம் போய்விட்டது. கிராப்பெல்லிக்கு அது ஒட்டவில்லை. 1953 மே மாதம் ஜாங்கோ 43 வயதில் இறந்தார்.

அதற்கு அப்புறம் இருபது வருடம் சோறு போட்டது, பெயர் கொடுக்கவில்லை. நல்ல பதிவுகள் இல்லாமல் இல்லை. 1963இல் அமெரிக்க ஜாஸின் பெரிய பெயரான டியூக் எலிங்டனே பாரிஸில் ஒரு வயலின் பதிவுக்கு அழைத்தார். ஆனால் அந்த இசைத்தட்டு 1976இல்தான் கடைக்கு வந்தது. 1966இல் சுவிட்சர்லாந்தின் பாஸெல் நகரில் நான்கு வயலின்காரர்களை ஒரே மேடையில் ஏற்றினார்கள்: ஸ்டஃப் ஸ்மித், டென்மார்க்கின் ஸ்வென் ஆஸ்முசன், 24 வயது ழான்-லுக் போன்ட்டி, கிராப்பெல்லி. நான்கு பேரையும் ஒப்பிட இதைவிட நல்ல பதிவு கிடையாது. ஸ்டஃப் ஸ்மித் வில்லால் கடித்துக் குதறுவார். முப்பதுகளிலேயே வயலினுக்கு மின் ஒலிபெருக்கி வைத்துக்கொண்ட ஆள் அவர். அவருக்குப் பக்கத்தில் கிராப்பெல்லி சில இடங்களில் அதிக இனிப்பாகத் தெரிவார். இந்தக் குறை அவர் மேல் கடைசி வரை இருந்தது; நான் மறுக்க மாட்டேன். அறுபது வருடமாகக் கெர்ஷ்வின், கோல் போர்ட்டர் மாதிரி அமெரிக்கப் பாட்டு இசையமைப்பாளர்களின் மெட்டுகள்தான், கரடுமுரடான பக்கமே போக மாட்டார்.

அறுபதுகளின் இறுதியில் அவருக்கு நிரந்தர வேலை பாரிஸ் ஹில்டன் ஹோட்டலில். சாப்பிட வருபவர்களுக்குப் பின்னணி இசை. முள்கரண்டிச் சத்தத்துக்கு நடுவே வருடக்கணக்கில் வாசித்தார். அறுபது வயதில் ஒரு கலைஞனுக்கு இது முடிவு என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவர் வாசிப்பு அங்கேயும் தேயவில்லை என்பதற்கு அடுத்து நடந்ததே சாட்சி.

1971இல் பிபிசியின் பார்க்கின்சன் என்ற தொலைக்காட்சிப் பேட்டி நிகழ்ச்சியில் அவரையும் யெகுதி மெனுகினையும் சேர்த்து உட்கார வைத்தார்கள். மெனுகின் குழந்தை மேதையாக உலகை வலம் வந்தவர், செவ்வியல் வயலினின் உச்சம். இந்த இடத்தில் தமிழ்க் காதுள்ளவர்களுக்கு ஒரு சிரிப்பு காத்திருக்கிறது. மெனுகினுக்கு மனோதர்மம் வராது. அவர் ‘கற்பனையாக’ வாசிக்க வேண்டிய இடங்களை மாக்ஸ் ஹாரிஸ் என்ற இசையமைப்பாளர் முன்கூட்டியே எழுதிக் கொடுப்பார். அதை மெனுகின் வரி பிசகாமல் வாசிப்பார். பக்கத்தில் கிராப்பெல்லி காகிதமே இல்லாமல், அந்த வரிக்கு அப்போதைக்கு அப்போது பதில் போட்டுக்கொண்டிருப்பார். கல்பனாஸ்வரத்தை நோட்டில் எழுதிவைத்துப் பாடுபவரும், தோடியில் திளைத்தவரும் ஒரே மேடையில் இருப்பது போல. இருவரும் சேர்ந்து பல தட்டுகள் வெளியிட்டார்கள், அவை நன்றாக விற்றன. கிராப்பெல்லியின் முகம் வீட்டுக்கு வீடு தெரிந்துபோனது.

அப்புறம் டிஸ் டிஸ்லி என்ற பிரிட்டிஷ் கிடார்காரர். பியானோவையும் டிரம்ஸையும் விட்டுவிட்டு, மறுபடியும் பழைய மாதிரி கிடார்களோடு வாசியுங்கள் என்று கிராப்பெல்லியை நச்சரித்தவர். 1973இல் கேம்பிரிட்ஜ் நாட்டார் இசை விழாவில் மேடை ஏறினார்கள். எதிரே நீளமுடி இளைஞர் கூட்டம். 65 வயதுக்காரரை யார் கேட்பார்கள் என்று அவருக்கே தயக்கம். கூட்டம் கொண்டாடித் தீர்த்துவிட்டது. அடுத்த வருடம் நியூயார்க் கார்னெகி ஹால். அதிலிருந்து இருபத்துச் சொச்ச வருடம் ஓய்வில்லாத பயணம்.

என்னைக் கேட்டால் இந்தக் காலத்துக் கிராப்பெல்லிதான் உண்மையான கிராப்பெல்லி. 1934இன் வயலினில் திறமை இருக்கிறது, கொஞ்சம் பதற்றமும் இருக்கிறது. எழுபதுகளில் பதற்றம் போய்விட்டது. எவ்வளவு வேகமான பாட்டிலும் அவருக்கு மட்டும் நேரம் நிறைய இருப்பது போல வாசிக்கிறார். ஒரு வரியை ஆரம்பித்து, அது போகும் போக்கில் விட்டு, கடைசித் தட்டில் அநாயாசமாக இறக்குகிறார். வயது கையைக் குறைக்கவில்லை, காதைக் கூட்டியிருக்கிறது.

யார் கூப்பிட்டாலும் போவார் என்பதும் அவர் குணம். 1975இல் லண்டன் ஆபி ரோடு ஒலிப்பதிவு நிலையத்தில் மெனுகினோடு பதிவில் இருந்தபோது, பக்கத்து ஸ்டுடியோவில் பிங்க் ஃபிளாய்ட் என்ற ராக் குழு ‘விஷ் யூ வேர் ஹியர்’ பாட்டைப் பதிவு செய்துகொண்டிருந்தது. கூப்பிட்டார்கள், போய் வாசித்துவிட்டு 300 பவுண்டு வாங்கிக்கொண்டு வந்தார். கடைசிக் கலவையில் வயலின் கிட்டத்தட்டக் கேட்கவே கேட்காது என்பதால் அவர் பெயரைக்கூடப் போடவில்லை. 2011 மறுவெளியீட்டில் அந்த வயலின் முழுசாக இருக்கும் வடிவம் வெளிவந்தது. பால் சைமனோடு, மாண்டலின் வாசிக்கும் டேவிட் கிரிஸ்மனோடு, செல்லோ வாசிக்கும் யோ-யோ மாவோடு என்று பட்டியல் நீளும்.

நம் பக்கத்துத் தொடர்பும் ஒன்று உண்டு. சென்னையில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எல். சுப்ரமணியம் 1984இல் கிராப்பெல்லியோடு சேர்ந்து ‘கான்வர்சேஷன்ஸ்’ என்ற தட்டை வெளியிட்டார். சம்மணமிட்டு, வயலின் தலையைக் கணுக்காலில் ஊன்றி வாசிப்பவருக்கு இடது கை முழுக்க விடுதலை. கமகம் இழைந்து இறங்கும். தோளில் தாங்கி வாசிக்கும் பள்ளியில் வந்த கிராப்பெல்லிக்கு அந்த இழைவு வராது, அவர் அதைப் பாவனை செய்யவும் முயலவில்லை. தன் வில்லின் துள்ளலை மட்டும் வைத்துக்கொண்டு பேசுகிறார்.

அவரிடம் மிஷேல் வார்லோப் கொடுத்த வயலின் ஒன்று இருந்தது. வார்லோப் பிரெஞ்சு ஜாஸ் வயலினின் இன்னொரு பெரிய கை. 1947இல் இளவயதிலேயே இறந்துபோனார். கிராப்பெல்லி அந்த வயலினை ழான்-லுக் போன்ட்டிக்குக் கொடுத்தார். பின்னால் அது திதியே லாக்வுட்டின் கைக்குப் போனது. எங்கிருந்து கேட்க ஆரம்பிப்பது என்று அடுத்து கேட்பீர்கள்: முதலில் ‘மைனர் ஸ்விங்’, அடுத்து டிஸ்லியின் கிடார்களோடு எழுபதுகளில் செய்த மேடைப் பதிவு ஏதாவது ஒன்று, அதற்கப்புறம் பாஸெல் கச்சேரி. பிங்க் ஃபிளாய்டைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பழைய பதிப்பைப் போட்டு, பாட்டு முடிந்து காற்றுச் சத்தம் வரும் இடத்தில் வயலின் கேட்கிறதா என்று தேடிப் பாருங்கள். அப்புறம் 2011 வடிவத்தைப் போடுங்கள்.